'வுட்' போட்டா மரியாதையா, சந்தேகமா? ஆபீஸ் ஆங்கிலத்தில் நம்மைத் தடுமாற வைக்கும் ஒரு சின்னச் சொல்

காலேஜ் முடித்துவிட்டு முதல் வேலைக்குப் போன என் ஃப்ரெண்ட் ஒருத்திக்கு நடந்தது இது. வெளிநாட்டு கிளையன்ட்டோடு வீடியோ கால். "இந்த மாட்யூல் எப்போ முடியும்?" என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். இவள் பணிவாகச் சொன்னாள்: "ஐ வுட் ஃபினிஷ் இட் பை ஃப்ரைடே."

ஒரு நொடி அமைதி. பிறகு அங்கிருந்து ஒரு கேள்வி: "யூ வுட்... இஃப் வாட்?"

அதாவது, "முடிச்சிருவீங்க சரி, ஆனா என்ன நடந்தா முடிப்பீங்க?" என்று கேட்கிறார். இவளுக்குக் கேள்வியே புரியவில்லை. 'வில்' என்று வெட்டென்று சொல்வதைவிட 'வுட்' என்றால் மரியாதை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவர் காதில் அது "ஏதோ ஒரு கண்டிஷன் இருக்கு" என்று விழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு முன்னாடியே வேலையை முடித்துக் கொடுத்துவிட்டாள். ஆனாலும் அடுத்த அப்ரைசலில் வந்த வரி என்னவோ, "கம்யூனிகேஷனில் தெளிவு தேவை." எந்த இடத்தில் தெளிவு இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

பிரச்னை ஒரே ஒரு சொல்லில்தான் இருந்தது. பள்ளியில் ஏழெட்டு வருஷம் படித்த சொல்தான். ஆனாலும் அது உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று நம்மில் பலருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இன்றைக்கு அதைப் பார்த்துவிடுவோம்.

'உயில்' வீட்டுச் சொந்தக்காரர்

'வுட்' என்பது 'வில்' என்ற வினையின் இறந்தகால வடிவம். பழைய ஆங்கிலத்தில் இந்த வினையின் பெயரைத் தமிழில் எழுதினால் 'வில்லன்' என்று வரும்! சினிமா வில்லன் இல்லை. 'விரும்புதல்' என்பதுதான் அதற்குப் பொருள். இறந்தகாலத்தில் அது 'வோல்டே'. எழுத்தில் இன்றும் இருக்கும் அந்த 'எல்', ஒரு காலத்தில் உச்சரிக்கப்பட்டது. பிறகு வாயிலிருந்து மறைந்து, ஸ்பெல்லிங்கில் மட்டும் தங்கிவிட்டது. இப்போது மரத்தைக் குறிக்கும் 'வுட்'டும் இதுவும் காதுக்கு ஒன்றுதான்.

ஜெர்மன் படிப்பவர்களுக்கு இது ஈஸியாகப் புரியும். அங்கே 'இஹ் வில்' என்றால் இன்றும் "எனக்கு வேணும்" என்றுதான் அர்த்தம். ஆங்கிலத்தில் 'விருப்பம்' மெல்ல மெல்ல 'எதிர்காலம்' ஆகிவிட்டது. ஒருவர் தன் சொத்து யாருக்குப் போக வேண்டும் என்று விரும்பி எழுதி வைப்பதும் 'வில்'தான். நாம் அதைத்தான் 'உயில்' என்று தமிழாக்கி வைத்திருக்கிறோம். ஆக, 'வுட்' நமக்கு அவ்வளவு அந்நியமான சொல் இல்லை.

ஒரே சாவி: தூரம்

'வில்'லின் இறந்தகாலம் என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். "வுட் யூ லைக் சம் காபி?" என்பதில் இறந்தகாலம் எங்கே இருக்கிறது? காபியை இப்போதுதானே தருகிறார்கள்?

இதற்கு மொழியியலில் சொல்லப்படும் ஒரு விளக்கம் மிக எளிமையானது. ஆங்கிலம் தன் இறந்தகால வடிவத்தை வைத்து 'தூரம்' காட்டுகிறது. அந்தத் தூரம் மூன்று வகை. காலத்திலிருந்து தூரம்: அன்றைக்கு நடந்தது. நிஜத்திலிருந்து தூரம்: நடந்திருந்தால், நடக்குமானால். கேட்பவரிடமிருந்து தூரம்: அதுதான் மரியாதை. 'வுட்' வரும் பெரும்பாலான இடங்களை இந்த மூன்றில் ஒன்றில் அடக்கிவிடலாம்.

தமிழில் ஏற்கெனவே இருக்கும் 'வுட்'

*1. பழைய வழக்கம்.* "சின்ன வயசுல தாத்தா தினமும் ராத்திரி கதை சொல்வார்." இந்த வாக்கியத்தைக் கவனியுங்கள். 'சொல்வார்' என்பது எதிர்கால வடிவம். ஆனால் தாத்தா கதை சொன்னது முடிந்துபோன காலத்தில். ஆங்கிலமும் இதே வேலைக்கு 'வில்' வீட்டிலிருந்துதான் ஆள் எடுக்கிறது: "கிராண்ட்பா வுட் டெல் அஸ் எ ஸ்டோரி எவ்ரி நைட்." இரண்டு மொழியும் தனித்தனியாக ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன.

ஒரு சின்ன எச்சரிக்கை. "அப்போ இந்த இடத்துல பெரிய ஆலமரம் இருக்கும்" என்று தமிழில் சகஜமாகச் சொல்வோம். அதை நம்பி ஆங்கிலத்தில் இங்கே 'வுட் பி' போட்டால் தப்பு. திரும்பத் திரும்பச் செய்த செயலுக்குத்தான் 'வுட்' வரும். இருந்த நிலைக்கு வராது. மரம் இருந்தது, மதுரையில் குடியிருந்தோம், கிரிக்கெட் பிடித்திருந்தது, இவற்றுக்கெல்லாம் 'யூஸ்டு டு'தான்.

*2. நடக்காதது, நடக்க வாய்ப்பில்லாதது.* "தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன்." "லாட்டரி அடிச்சா வேலையை விட்டுருவேன்." இரண்டிலும் பின்பாதிதான் 'வுட்' இருக்கும் இடம். "ஐ வுட் ஹேவ் கம்", "ஐ வுட் க்விட்".

*3. அன்றைக்குச் சொன்ன எதிர்காலம்.* "வரேன்னு சொன்னான்" என்கிறோம். தமிழில் அவன் சொன்ன வார்த்தையை அப்படியே எடுத்து வைத்து, பின்னால் 'னு சொன்னான்' என்று ஒட்டிவிடலாம். ஆங்கிலத்தில் சொன்னது நேற்று என்பதால், உள்ளே இருக்கும் 'வில்'லும் ஒரு படி பின்னால் போகிறது: "ஹி செட் ஹி வுட் கம்." அவர் வருவது இனிமேல்தான் என்றால் 'வில்' வைத்தாலும் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள்.

*4. மாட்டேன்னு அடம்.* "காலைல வண்டி ஸ்டார்ட்டே ஆக மாட்டேன்னுடுச்சு." உயிரில்லாத வண்டிக்கு ஏது விருப்பம்? ஆனால் தமிழ் அப்படித்தான் பேசும். ஆங்கிலமும் அப்படித்தான்: "தி பைக் வுடன்ட் ஸ்டார்ட்." அந்தப் பழைய 'விருப்பம்' என்ற பொருள் இன்னும் உயிரோடு இருக்கும் இடம் இது.

*5. மரியாதை.* "வுட் யூ", "ஐ வுட் லைக்", "ஐ வுட் சஜஸ்ட்". ஆபீஸில் அதிகம் தேவைப்படுவது இதுதான். நாம் அதிகம் வழுக்குவதும் இங்கேதான்.

வழுக்கும் இடங்கள்

முதலாவது, என் ஃப்ரெண்ட் மாட்டிய இடம். கண்டிஷனே இல்லாத, உறுதியான எதிர்காலத்துக்கு 'வுட்' போடுவது. "தி மீட்டிங் வுட் பி ஹெல்ட் ஆன் மண்டே" என்று நோட்டீஸ் போர்டில் பார்த்திருப்பீர்கள். இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல, இந்தியா முழுக்க இருக்கும் பழக்கம். உலகெங்கும் பேசப்படும் ஆங்கிலங்களைப் பற்றி பீட்டர் ட்ரட்கில், ஜீன் ஹன்னா இருவரும் 1982-ல் வெளியிட்ட புத்தகத்திலேயே, 'வில்' வர வேண்டிய இடத்தில் 'வுட்' வருவதை இந்திய ஆங்கிலத்தின் அடையாளங்களில் ஒன்றாகக் குறித்திருக்கிறார்கள்.

நமக்குள் பேசும்போது இதனால் ஒரு சிக்கலும் இல்லை. மண்டே மீட்டிங் என்றால் மண்டே போய்விடுவோம். ஆனால் லண்டனிலோ சிகாகோவிலோ இருப்பவர் காதில் அந்த 'வுட்' ஒரு பாதி வாக்கியமாக விழுகிறது. மீதி 'இஃப்' எங்கே என்று தேடுகிறார். நாம் மரியாதைக்காகப் போட்டது, அவருக்குத் தயக்கமாகத் தெரிகிறது.

இதே சிக்கல் தலைகீழாகவும் வரும். உங்கள் ஆஃபர் லெட்டரில் "யுவர் சேலரி வுட் பி ரிவைஸ்டு ஆஃப்டர் சிக்ஸ் மந்த்ஸ்" என்று இருந்தால், சும்மா விட்டுவிடாதீர்கள். எழுதியவர் நம்ம ஊர் வழக்கத்தில் 'வில்'லைத்தான் நினைத்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கையெழுத்துப் போடும் முன்னால், "இது கண்டிப்பா நடக்குமா, இல்ல ஏதாவது கண்டிஷன் இருக்கா?" என்று ஒரு மெயில் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, 'இஃப்' பக்கத்தில் 'வுட்' போடுவது. "இஃப் ஐ வுட் ஹேவ் நோன், ஐ வுட் ஹேவ் கம்." இது ஏன் வருகிறது என்று பார்த்தால் நம் மேல் கோபம் வராது. தமிழில் 'தெரிஞ்சிருந்தா', 'வந்திருப்பேன்' என்று இரண்டு பாதியிலும் 'இரு' உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஆங்கிலத்திலும் இரண்டு பக்கமும் ஒரே சொல்லை வைக்கத் தோன்றுகிறது. ஸ்டாண்டர்டு ஆங்கிலத்தில் 'இஃப்' பக்கம் 'ஹேட்' போதும்: "இஃப் ஐ ஹேட் நோன்." அமெரிக்கர்களே பேச்சில் இந்தத் தப்பைச் செய்வதுண்டு. எழுத்தில் தவிர்த்துவிடுங்கள். "கொஞ்சம் காத்திருந்தீங்கன்னா" என்ற பணிவான பொருளில் "இஃப் யூ வுட் வெய்ட்" என்பது மட்டும் விதிவிலக்கு.

மூன்றாவது, "வுட் யூ மைண்ட்" கேள்விக்கு 'யெஸ்' சொல்வது. "வுட் யூ மைண்ட் ஷேரிங் யுவர் ஸ்கிரீன்?" என்றால், "ஸ்கிரீன் ஷேர் பண்றதுல உங்களுக்கு ஏதாவது ஆட்சேபம் இருக்கா?" என்று அர்த்தம். 'யெஸ்' என்றால் "ஆமா, இருக்கு" என்று ஆகிவிடும். 'நோ, நாட் அட் ஆல்' என்று சொல்லுங்கள். அது வாயில் வரவில்லை என்றால் 'ஷ்யூர்' என்று சொல்லிவிட்டு ஷேர் பண்ணிவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நான்காவது, சுருக்கி எழுதும் 'ஐட்'. இது 'ஐ வுட்' ஆகவும் இருக்கலாம், 'ஐ ஹேட்' ஆகவும் இருக்கலாம். அடுத்து வரும் சொல்லைப் பாருங்கள். 'ஐட் கோ' என்றால் 'வுட்'. 'ஐட் கான்' என்றால் 'ஹேட்'. 'ஐட் பெட்டர்' என்றால் அதுவும் 'ஹேட்'தான்.

இன்னொரு விஷயம் கேட்டால் மனசு கொஞ்சம் லேசாகும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே 'வுட் ஹேவ்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'வுட் ஆஃப்' என்று எழுதி மாட்டிக்கொள்கிறார்கள். வேகமாகப் பேசும்போது இரண்டும் ஒன்றுபோலக் கேட்பதால் வரும் தப்பு அது. ஆக, இந்தச் சொல்லில் தடுமாறுவது நாம் மட்டும் இல்லை.

நம்ம '-ங்க' எங்கே போச்சு?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். "சாயங்காலத்துக்குள்ள ஃபைலை அனுப்பிடுங்க சார்." இதில் என்ன குறை? ஒன்றுமில்லை. '-ங்க' இருக்கிறது, 'சார்' இருக்கிறது, குரலில் ஒரு இழைவும் இருக்கிறது. நல்ல மரியாதையான வாக்கியம்.

இதையே மனசில் வைத்து மெயிலில் டைப் பண்ணுகிறோம்: "சென்ட் மீ தி ஃபைல் பை ஈவினிங்." எல்லா வார்த்தையும் வந்துவிட்டது. ஆனால் '-ங்க' மட்டும் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. ஏனென்றால் ஆங்கில வினையில் அதை ஒட்ட இடமே இல்லை. படிப்பவருக்கு அது ஒரு கட்டளை. 'ப்ளீஸ்' சேர்த்தால் பணிவான கட்டளை. அவ்வளவுதான்.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் 'நீ', 'நீங்க' இரண்டும் இருந்தன. 'தௌ' என்பது 'நீ'. 'யூ' என்பது முதலில் பன்மை, பிறகு மரியாதைக்கும் அதுவே ஆனது. 17-ம் நூற்றாண்டு வாக்கில் 'தௌ' பொதுப் பேச்சிலிருந்து பெரும்பாலும் மறைய, எல்லாரும் 'யூ' ஆனார்கள். மரியாதையைக் காட்ட வேறு வழி வேண்டுமே? அந்த வேலையைச் செய்பவற்றில் முக்கியமானது 'வுட்'. நாம் பன்மையை வைத்து ஏற்படுத்தும் தூரத்தை, ஆங்கிலம் காலத்தை வைத்து ஏற்படுத்துகிறது. "வுட் யூ பி ஏபிள் டு சென்ட் மீ தி ஃபைல் பை ஈவினிங்?" என்பதில் அந்த 'வுட்'தான் நம்ம '-ங்க'.

லீவு கேட்பதும் இதே கதைதான். "நாளைக்கு லீவு வேணும் சார்" என்பதில் அதட்டல் இல்லை. "ஐ வான்ட் லீவ் டுமாரோ" என்பதில் இருக்கிறது. "ஐ வுட் லைக் டு டேக் லீவ் டுமாரோ" என்றால் சரியாகிவிடும்.

இதில் நமக்கு ஒரு பெருமையும் உண்டு. பணிவு என்பது மொழியில் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றி உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் ஆய்வு பெனலோப் பிரவுன், ஸ்டீஃபன் லெவின்சன் இருவருடையது. 1978-ல் முதலில் வெளியாகி, 1987-ல் தனிப் புத்தகமாக வந்தது. அவர்கள் முக்கியமாக எடுத்துக்கொண்ட மூன்று மொழிகள்: ஆங்கிலம், மெக்ஸிகோவின் பழங்குடிகள் பேசும் ட்ஸெல்டால், மூன்றாவது தமிழ். அதுவும் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பேசப்பட்ட தமிழ்! பணிவு எல்லா மொழியிலும் இருக்கிறது, அதைக் காட்டும் கருவிதான் மாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள நம்ம ஊர்ப் பேச்சும் பாடமாக இருந்திருக்கிறது.

அப்படியென்றால் தப்பு யார் மேல்?

'வுட்' போடாமல் மெயில் அனுப்பும் ஃப்ரெஷரை "ரூட்" என்கிறார்கள். தேவையில்லாத இடத்தில் போடுபவரை "கான்ஃபிடன்ஸ் இல்லை" என்கிறார்கள். இரண்டுமே அந்த ஆளின் குணத்தைப் பற்றிய தீர்ப்பு. உண்மையில் இரண்டுமே ஒரு இலக்கணப் பழக்கம் மட்டும்தான். மரியாதையே பிரதானமான ஒரு மொழியில் வளர்ந்த பிள்ளையை 'மரியாதை தெரியாதவர்' என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

இந்த அநியாயம் எல்லார் மேலும் சமமாக விழுவதும் இல்லை. வீட்டிலேயே ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவருக்கு "வுட் யூ" தானாக வந்துவிடும். சின்ன ஊர்ப் பள்ளியில் படித்து, வீட்டின் முதல் பட்டதாரியாக ஓ.எம்.ஆர். வரைக்கும் வந்து சேர்ந்தவருக்கு அது புத்தகத்தில் ஒரு அட்டவணையாக மட்டும் அறிமுகமானது: வில்-வுட், கேன்-குட், ஷல்-ஷுட், மே-மைட். பரீட்சையில் டைரக்ட் ஸ்பீச்சை இன்டைரக்ட் ஸ்பீச்சாக மாற்றி மார்க் வாங்கியாகிவிட்டது. ஆனால் ஒரு மேனேஜரிடம் லீவு கேட்பது எப்படி என்று அந்த அட்டவணை சொல்லித் தரவில்லை.

அதனால் பள்ளி, கல்லூரி ஆங்கில வகுப்புகள் மாற வேண்டும். 'வுட்' எந்தக் காலம் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், யாரிடம் எதற்காகச் சொல்கிறோம் என்றும் சொல்லித் தர வேண்டும். தமிழில் இருக்கும் 'சொல்வார்', 'வந்திருப்பேன்', 'மாட்டேங்குது', '-ங்க' ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அரை மணி நேர வேலை இது. தாய்மொழியை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டுச் சொல்லித் தருவதால்தான் இது கஷ்டமாகிறது.

நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு. "கம்யூனிகேஷனை இம்ப்ரூவ் பண்ணுங்க" என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டுப் போவது ஃபீட்பேக் இல்லை. "கிளையன்ட்டிடம் தேதி சொல்லும்போது 'வில்' போடுங்க, உதவி கேட்கும்போது 'வுட் யூ' போடுங்க" என்பதுதான் ஃபீட்பேக். முதலாவதைப் படித்தால் பயம்தான் வரும். இரண்டாவதைப் படித்தால் அடுத்த காலிலேயே திருத்திக்கொள்ளலாம்.

"உலகத்துல ஆயிரம் வகை ஆங்கிலம் இருக்கு, நாம ஏன் மாறணும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்திய ஆங்கிலம் தாழ்ந்ததில்லை. நமக்குள் 'மீட்டிங் வுட் பி ஹெல்ட்' என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எதிரில் இருப்பவர் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்கிறார் என்று தெரிந்த பிறகு, நம் உழைப்பைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சொல்லை மாற்றிப் போடுவதில் தோல்வி எதுவும் இல்லை. மாமியார் வீட்டில் ஒரு மாதிரியும் காலேஜ் ஃப்ரெண்ட்ஸிடம் ஒரு மாதிரியும் பேசத் தெரிந்தவர்கள்தானே நாம்?

மெயில் அனுப்பும் முன் ஒரு நிமிஷம்

நான் செய்து கொடுப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறீர்களா? 'வில்' போடுங்கள்.

அடுத்தவரிடம் ஏதாவது கேட்கிறீர்களா? 'வுட் யூ' போடுங்கள். எனக்கு வேண்டும் என்கிறீர்களா? 'ஐ வுட் லைக்' போடுங்கள்.

வாக்கியத்தில் 'இஃப்' இருக்கிறதா? 'வுட்' அடுத்த பாதியில் இருக்கட்டும்.

தேதியோ தொகையோ இருக்கும் வாக்கியத்தில் 'வுட்' வந்திருக்கிறதா? எழுதியது நீங்கள் என்றால் ஏதாவது கண்டிஷன் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் 'வில்' ஆக்குங்கள். வேறு யாராவது எழுதியது என்றால் கேள்வி கேளுங்கள்.

என் ஃப்ரெண்ட் இப்போது இரண்டு ப்ராஜெக்ட் தாண்டிவிட்டாள். அவள் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் போன வாரம் காலில் "ஐ வுட் டெலிவர் இட் டுமாரோ" என்றானாம். கால் முடிந்ததும் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த 'வுட்' அந்தப் பக்கம் எப்படிக் கேட்கும் என்று ரெண்டு நிமிஷம் விளக்கியிருக்கிறாள். "தேங்க்ஸ் அக்கா, இதை இதுவரைக்கும் யாரும் சொன்னதே இல்ல" என்றானாம். அவன் அப்ரைசலில் அந்தப் பழைய வரி வராது என்று நம்புவோம். உங்கள் டீமிலும் இப்படி ஒருவர் இருக்கக்கூடும். அப்ரைசல் வரைக்கும் காத்திருக்காமல் அவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.